மருமகளுக்கு ஒரு கேபின்

3-2-2025, திங்கள்

காலையில் மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் விட்டேன். மதியம் தூங்கவில்லை. "தூங்கவில்லை" என்று எழுதி முடிப்பதற்குள் ஒரு தூக்கம் போட்டிருக்கலாம். அவ்வளவு மெதுவாகத்தான் எழுத்து வருகிறது. ஆனாலும் வருகிறது. எழுபது வயதுக்கு மேல் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து, தேர்வு எழுதித் தேறி, சின்னண்ணன் என்று என் பெயரை இப்போது நானே எழுதுகிறேன். தினமும் எதையாவது எழுதுங்கள், இல்லாவிட்டால் கை மறந்துவிடும் என்று வகுப்பு எடுத்த கயல்விழி சொல்லியிருக்கிறாள். எதை எழுதுவது என்றுதான் இத்தனை நாளும் யோசனை.

இன்றைக்கு விஷயம் இருக்கிறது.

மருமகள் தனப்பிரியாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஆபீஸ் பெங்களூரில். அவள் இருப்பது எங்கள் வீட்டில். கட்டிலில் உட்கார்ந்து, தலையணை மேல் லேப்டாப்பை வைத்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை குனிந்தபடி வேலை பார்ப்பாள். இப்போது கழுத்து வலி. வலது கையில் விரல்கள் மரத்துப் போகின்றன. திருச்செங்கோட்டு டாக்டர், உட்காருகிற விதத்தை மாற்று, இல்லாவிட்டால் வேலையை மாற்று என்று சொல்லிவிட்டார். அது ஆபீஸுக்கும் தெரிந்துபோயிற்று. மாதக் கடைசியில் வீடியோவில் பார்ப்பார்களாம். வீட்டில் வேலை பார்க்கிற இடம் ஒழுங்காக இருந்தால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் பெங்களூர் ஆபீஸுக்குப் போய்விட வேண்டும்.

மகன் தமிழரசு ரிக் வண்டியில் இருக்கிறான். ஒடிசாவில் போர்வெல் போடுகிறார்கள். மழைக்காலத்தில்தான் வீட்டுக்கு வருவான். அவன் வருகிற நேரத்தில் இவள் பெங்களூர் ஹாஸ்டலில் இருந்தால் இரண்டு பேரும் என்றைக்குச் சேர்ந்து ஒரு வாய் சோறு தின்பது?

தனப்பிரியா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் அவள் பேசுவதே "சரிங்க மாமா", "இல்லீங்க மாமா" இரண்டும்தான். ஆத்தாயியிடம் சமையலறையில் சொன்னது காதில் விழுந்தது. "போக இஷ்டமில்லைங்க அத்தை. வேலைய உடவும் இஷ்டமில்லை."

ஆத்தாயி என் வீட்டுக்காரி. அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன், இடம் நான் செய்து தருகிறேன் என்று. சொன்ன பிறகு எனக்கே உடம்பெல்லாம் துடிப்பாக இருக்கிறது.

5-2-2025, புதன்

எனக்கு என்ன தெரியும் என்று ஆத்தாயி கேட்கிறாள். எனக்கு உட்காரத் தெரியும். முட்டை லாரியில் கேரளாவுக்குப் போய்வந்தே வயதைக் கழித்தவன் நான். ஏற்றியது முட்டை. வண்டி குலுங்கக் கூடாது, முட்டை உடையக் கூடாது, இடுப்பு மட்டும் உடையலாம். எந்த வண்டி ஏறினாலும் முதலில் சீட்டைத்தான் பிரித்து எனக்கு ஏற்றபடி கட்டச் சொல்வேன். முதுகு எங்கே படவேண்டும், கால் எங்கே மிதிக்க வேண்டும், வெயில் கண்ணில் அடிக்காமல் எப்படி மறைக்க வேண்டும், எல்லாம் இந்த உடம்புக்குத் தெரியும்.

தனப்பிரியாவும் டிரைவர்தானே? ஒரே இடத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க முன்னால் பார்க்கிற வேலை. அவளுக்கு ஒரு கேபின் கட்டிவிட வேண்டியதுதான்.

யோசிக்க யோசிக்க சந்தோஷம் தாங்கவில்லை. சீட்டு, மேசை, ஜன்னல் என்று ஒரு படமும் போட்டேன். லாரி மாதிரியே வந்திருக்கிறது.

6-2-2025, வியாழன்

பஸ் ஏறி நாமக்கல் போனேன். வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். முகம்மது ஹனீப் பாய் லாரி சீட்டு கட்டுகிறவர், என் வயதுதான். அவர் கடைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். நீலக் கதவு என்றுதான் அடையாளம். இன்றுதான் பலகையில் அவர் பெயரைப் படித்தேன். பாய்க்கு எவ்வளவு நீளப் பெயர்!

பாய் வாயில் ஊசி நூலோடு நிமிர்ந்து, "என்ன வண்டிக்கு?" என்றார்.

"வண்டிக்கு இல்ல பாய். மருமகளுக்கு."

கடையில் இருந்த டிரைவர்கள் தையல் சத்தத்தையும் மீறித் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். பாய்க்கும் பற்றிக்கொண்டது. உடைத்துப் போட்ட வண்டியிலிருந்து எடுத்த டிரைவர் சீட்டு ஒன்று கிடக்கிறதாம். உள்ளே புதுப் பஞ்சு வைத்து, மேலே நல்ல ரெக்சின் போட்டுத் தருவதாகச் சொன்னார். என்ன கலர் என்று கேட்டார். அதை நான் யோசிக்கவே இல்லை. மயில் கழுத்துக் கலர் என்று சொல்லிவிட்டு வந்தேன். "அளவு இல்லாம நான் கத்திரி எடுக்க மாட்டேன். அந்தப் பொண்ண உக்கார வெச்சு அளந்துட்டு வா சின்னண்ணா" என்றார்.

9-2-2025, ஞாயிறு

அளவு எடுத்தாயிற்று.

நாற்காலியை நடு வீட்டில் போட்டு, தனப்பிரியாவை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நான் நிற்கும்போது அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆத்தாயி இரண்டு அதட்டுப் போட்ட பிறகு உட்கார்ந்தாள். துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு, முழங்காலைச் சேர்த்து, பாதத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, நூல் பிடித்த மாதிரி நிமிர்ந்து.

"சாஞ்சு உக்காரு சாமி" என்றேன்.

"சாஞ்சுதானுங்க மாமா உக்காந்திருக்கேன்."

தரையிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து முதுகு, முழங்கை உயரம், கண் உயரம் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்தேன். ஒவ்வொன்றையும் நானே எழுதினேன். என் கையால் எழுதிய எண்கள். இவ்வளவு நிமிர்ந்து உட்காருகிற பிள்ளைக்குக் கழுத்து வலி எப்படி வந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. ஆத்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்கு நான் செய்கிற எதுவும் கேலிதான்.

11-2-2025, செவ்வாய்

நிலக்கடலை மூட்டை அடுக்கி வைத்திருந்த கிழக்கு அறையைக் காலி செய்தேன். வெள்ளை அடித்தேன். மேசையை ஜன்னலுக்கு நேர் எதிரே போட்டால் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் போட்டால் கம்ப்யூட்டர் திரையில் அடிக்கும். அதனால் ஜன்னல் பக்கவாட்டில் வருகிற மாதிரி இடம் குறித்தேன். இதைத் தனப்பிரியாவிடம் சொன்னதும், "எப்படிங்க மாமா கண்டுபுடிச்சீங்க" என்று கேட்டாள். அது "சரிங்க மாமா"வை விட நீளமான பேச்சு. சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

கடலை மூட்டை எல்லாம் இப்போது எங்கள் அறையில். ராத்திரி புரண்டு படுக்க இடமில்லை. ஆத்தாயி கேட்டாள், "அந்தப் புள்ள கழுத்து நேராகறதுக்குள்ள என்ர கழுத்து கோணலாயிருமாட்ட இருக்குதுங்களே?"

15-2-2025, சனி

கேபின் ரெடி!

இன்று முழுக்க எழுதலாம், அவ்வளவு இருக்கிறது. ஹனீப் பாய் சின்ன யானை லோடு வண்டியில் சீட்டை ஏற்றிக்கொண்டு தானே வந்துவிட்டார். மயில் கழுத்துக் கலர், ஓரத்தில் மஞ்சள் நூல். இரண்டு பக்கமும் கரை கட்டின மாதிரி தூக்கி, உட்கார்ந்தால் ஆளை அப்படியே அணைத்துக்கொள்கிறது. சீட்டு ஆடக் கூடாது என்று தரையில் துளை போட்டு போல்ட் வைத்து முடுக்கிவிட்டோம். லாரியில் அப்படித்தானே. மேசைக்கு இரும்புக் கால், மேலே பலகை. நான் எழுதி வைத்த முழங்கை உயரத்துக்கு அச்சாக வெல்டிங் பட்டறையில் செய்து கொடுத்தார்கள். காலை வைத்துக்கொள்ள ஆக்சிலேட்டர் சாய்வில் ஒரு பலகை.

லேப்டாப்பைக் கண் உயரத்துக்குத் தூக்க என்ன செய்வது என்று இருந்தது. கோழிப்பண்ணையிலிருந்து முட்டை அட்டை வாங்கி வந்து அடுக்கினேன். ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்து ஆடாமல் நிற்கிறது. உயரம் கூட வேண்டுமா, ஒரு அட்டை போடு. குறைக்க வேண்டுமா, ஒன்றை உருவு. தட்டச்சு செய்கிற பலகையைத் தனப்பிரியா தனியாக வாங்கிக் கீழே வைத்துவிட்டாள்.

கடைசியாக ஒன்று, இது என் சொந்த யோசனை. அவள் உட்காருகிற இடத்துக்கு வாசல் முதுகுப் பக்கம். பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் எந்த டிரைவரும் உட்கார மாட்டான். அதனால் மேசை ஓரத்தில் லாரிக் கண்ணாடி ஒன்றைப் பொருத்தினேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசல் முழுக்கத் தெரிகிறது.

தனப்பிரியா உட்கார்ந்து பார்த்தாள். "நல்லா இருக்குங்க மாமா."

பாய் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டார், இடுப்புக்குச் சரியா, முதுகுக்குச் சரியா என்று. எல்லாம் நல்லா இருக்குங்க, நல்லா இருக்குங்க. பாய் வெளியே வந்து என் தோளில் தட்டினார். இரண்டு கிழவர்களும் தேர் இழுத்து நிலைக்குக் கொண்டுவந்த மாதிரி வியர்த்து நின்றோம்.

17-2-2025, திங்கள்

தனப்பிரியா கேபினில் வேலை பார்த்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

20-2-2025, வியாழன்

தமிழரசுக்குப் போட்டோ அனுப்பினோம். ரிக்கில் இருக்கிறவர்கள் எல்லோரும் பார்த்தார்களாம். எங்களுக்கும் இப்படி ஒரு சீட்டு வேண்டும் என்று கேட்கிறார்களாம். "அப்பா, கியர் எங்கப்பா?" என்று கிண்டல் செய்தான். டீக்கடையிலும் சொல்லிவிட்டேன். மளிகைக் கடையிலும். பார்க்க வருகிறேன் என்றவர்களைத் தனப்பிரியா வேலை முடித்த பிறகு வரச் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டில் தைல வாசம் அடித்தது. ஆத்தாயி அவள் கழுத்துக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புதுச் சீட்டு உடம்புக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று சொன்னேன். தனப்பிரியா, "ஆமாங்க மாமா" என்றாள். ஆத்தாயி கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள்.

24-2-2025, திங்கள்

பெயில்.

எழுதவே கை வரலை. ஆனாலும் எழுதறேன்.

வீடியோவில் வந்த மேடம் நல்ல மாதிரி. மதுரைப் பக்கத்துத் தமிழ். அறையைப் பார்த்துப் பாராட்டினார். வெளிச்சம் சரியான பக்கத்தில் வருகிறது என்றார். முட்டை அட்டையைப் பார்த்துச் சிரித்தார், நல்ல யோசனை என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அப்புறம், பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும், யாராவது போனைப் பிடியுங்கள் என்றார். நான்தான் பிடித்தேன். தனப்பிரியாவைக் கொஞ்ச நேரம் வேலை செய்யச் சொன்னார். செய்தாள்.

மேடம் பேச்சு மாறிவிட்டது. தோள் ஏன் தூக்கிக்கொண்டு இருக்கிறது என்றார். முதுகு சாய்வில் படவே இல்லையே என்றார். எப்போதும் உட்காருகிற மாதிரி உட்காருங்கள் என்றார். தனப்பிரியா அப்படியேதான் இருந்தாள். நுனியில், நிமிர்ந்து. மேசை உங்களுக்கு உயரம், சீட்டு மேசைக்குத் தூரம், இப்படி உட்கார்ந்தால் கழுத்து வலி கூடும், இதற்கு நான் ஒப்புதல் போட முடியாது என்றார். மார்ச் பத்தாம் தேதி இன்னொரு தடவை பார்ப்பாராம். அப்போதும் சரியில்லையென்றால் பெங்களூர்தான்.

என்ன தப்பு? அளந்துதான செஞ்சேன்? என் கையால எழுதி வெச்சுத்தான செஞ்சேன்? முழங்கை உயரம் அச்சு அசலாத்தான இருக்குது? அப்புறம் எப்படித் தோளு தூக்கும்?

தனப்பிரியா என்னைப் பார்த்து, "பரவால்லைங்க மாமா" என்றாள். அவளே ஆறுதல் சொல்றா. போறவளே அவதான்.

25-2-2025, செவ்வாய்

இன்று ஆத்தாயி வாயைத் திறந்தாள். மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"நீங்க முன்னால நின்னா அந்தப் புள்ள எப்படிங்க சாஞ்சு உக்காரும்?"

எனக்குப் புரியவில்லை.

"அளவு எடுத்தீங்களே, அது அவ உக்கார்ற அளவா? மாமனார் முன்னால உக்கார்ற அளவு. மூச்ச இழுத்துப் புடிச்சுட்டு, சீட்டு நுனியில, தோளைத் தூக்கிட்டு. அதுக்குத்தான் மேசை செஞ்சு வெச்சிருக்கறீங்க."

அவள் சொல்ல இன்னும் இருந்தது. நான் காட்டில் இருக்கும்போது தனப்பிரியா சீட்டில் இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து, ஒரு காலை மடக்கி ஏற்றி வைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பாளாம். என் மொபெட் சத்தம் கேட்டதும் தலையணையை ஒளித்துவிட்டுக் காலைக் கீழே போட்டுக்கொள்வாளாம். சத்தம் கேட்காமல் நான் நடந்து வந்தாலும் அந்தக் கண்ணாடியில் தெரிந்துவிடுமாம்.

நான் வைத்த கண்ணாடி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்ய, வருத்தப்பட வேண்டிய இடத்தில் சிரிப்பு வருகிறது.

நீ ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "படிக்கக் கத்துக்கிட்டதுல இருந்து நீங்க எழுதி வெச்சா அது சட்டம். நாஞ் சொன்னா எங்க காதுல ஏறுது?"

அவளையே நேராகக் கேட்டுவிடலாம் என்று போனேன். "சாமி, இதுல என்ன குறை, தைரியமாச் சொல்லு" என்றேன். நான் உள்ளே வந்ததும் எழுந்து நின்றவள், நின்றபடியே, "ஒண்ணும் குறையில்லைங்க மாமா" என்றாள். முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. எனக்கு எதிரே நின்று என் வேலையில் குறை சொல்ல அந்தப் பிள்ளைக்கு நாக்கு எழவில்லை.

அளவும் வேண்டும், குறையும் வேண்டும். நான் அங்கே இருந்தால் இரண்டும் கிடைக்காது. நான் இல்லாவிட்டால் எப்படிக் கேட்பது?

27-2-2025, வியாழன்

இந்த நாளை எழுத ஒரு நோட்டே போதாது. நேற்று ராத்திரி தூக்கத்தில் விழித்துக்கொண்டு யோசனை வந்தது. தனப்பிரியா அந்த அறைக்குள் இருந்துகொண்டு பெங்களூரோடு எப்படிப் பேசுகிறாள்? கதவு சாத்தியிருக்கும்போது கேட்டிருக்கிறேன். வாய் ஓயாது. முடியாது என்பாள், தப்பு என்பாள், சிரிப்பாள். அவர்கள் எல்லோரும் தூரத்தில் இருக்கிறவர்கள். அப்படியானால் நானும் தூரத்துக்குப் போய்விட வேண்டியதுதான்.

காலையில் ஹனீப் பாயை வரவழைத்தேன். இரண்டு பேரும் காட்டுக்குள் கிணற்று மோட்டார் ரூமுக்குப் போய் உட்கார்ந்தோம். ஆத்தாயியை சாக்பீஸோடு அறைக்குள் விட்டுவிட்டு வந்தேன். அங்கிருந்து தனப்பிரியாவுக்குப் போன் போட்டேன்.

"சாமி, நாங்க ஊட்ல இல்ல. மோட்டார் ரூம்ல இருக்கறோம். இப்பத்திக்கு வர மாட்டோம். நீ நல்லா உக்காந்துக்க. கால மடக்கோணுமா, மடக்கிக்க. உன்ர அத்தை சாக்பீஸ்ல குறி போட்டுக்குவா. நீ குறை சொல்லு. மாமன்கிட்டப் பேசறேன்னு நெனைக்காத. உங்க ஆபீஸ்ல எவனோ ஒருத்தன் தப்பு தப்பா வேலை செஞ்சு வெச்சிருக்கறான், அவன்கிட்டப் பேசு."

ரெக்சின் முனகுகிற சத்தம் கேட்டது. நன்றாக உள்ளே தள்ளி உட்காருகிறாள் என்று தெரிந்தது. அப்புறம் மெதுவாக, "சரிங்க சார்" என்றாள். அந்தப் பக்கம் ஆத்தாயி சிரிக்கிறது கேட்டது.

"முதல்ல மேசைங்க. ரொம்ப உயரம். தோள் ரெண்டும் காதுகிட்ட வந்துருது." நான் எழுதினேன். அவள் எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"சீட்டத் தரையோட முடுக்கிட்டீங்க. சாஞ்சா மேசை எட்டறதில்லை. மேசை எட்டினா சாய முடியறதில்லை."

அடுத்தது சீட்டு என்றதும் பாய் போனுக்குக் கிட்டே வந்தார். "சீட்டு அழகா இருக்குதுங்க. ஆனா ரெண்டு பக்கமும் தூக்கி வெச்சிருக்கறது எதுக்குங்க?"

வளைவில் திரும்பும்போது டிரைவர் சரியாமல் இருக்க என்று பாய் பெருமையாகச் சொன்னார்.

"நான் எந்த வளைவுலீங்க திரும்பறேன்?"

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்ததில் போன் கீழே விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்து, கேட்கிறதா என்று கேட்டால், கேக்குதுங்க, இன்னும் முடியலைங்க என்கிறாள். அவள் குரலே வேறாக இருந்தது. கதவுக்கு வெளியே நின்று எத்தனை நாள் கேட்ட குரல். இன்று எனக்கே பேசியது. கால் பலகை சாய்வு அதிகம். முதுகுச் சாய்வு இடுப்புப் பக்கம் பள்ளமாக இருக்கிறது. மேசை ஓரம் மணிக்கட்டில் குத்துகிறது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். விரல் வலித்தது. வலித்தாலும் நல்லா இருந்தது.

பிறகு நிறுத்திவிட்டாள். முடிந்ததா என்றேன்.

"ஒண்ணு இருக்குதுங்க. கோவிச்சுக்க மாட்டீங்களே."

சொல்லு என்றேன்.

"அந்தக் கண்ணாடிய எடுத்துருங்க மாமா. நாள் முழுக்க அதுல வாசலையேதான் பாத்துட்டிருக்கேன். நீங்க வாரீங்களான்னு."

"நான் வந்தா என்ன சாமி?"

"எந்திரிக்கோணுமில்லீங்களா."

பாய் பார்வையைக் காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வண்டி ஓடும்போது ஓனரே கேபின்ல ஏறினாலும் டிரைவர் எந்திரிக்க மாட்டான் சாமி. எந்திரிச்சா வண்டி கவுந்துரும். நீ எந்திரிக்காத."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "சரிங்க மாமா" என்றாள். எத்தனையோ தடவை கேட்ட சொல்தான்.

2-3-2025, ஞாயிறு

ஆத்தாயி போட்ட சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தேன். சுவரில் ஒன்று, சீட்டில் ஒன்று, தரையில் ஒன்று. நான் டேப் வைத்து எடுத்த அளவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முழங்கை நான்கு விரல் கீழே இருக்கிறது. இது வேறு யாரோ ஒரு பெண்ணின் அளவு மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே இருந்த பெண்.

மேசைக் காலை அறுத்தோம். தரையில் போல்ட்டைக் கழற்றி, சீட்டு முன்னும் பின்னும் நகர்கிற மாதிரி லாரி சீட்டின் ரெயிலையே அடியில் வைத்தோம். பாய் பக்கக் கரை இரண்டையும் பிரித்துத் தட்டையாக்கினார். பிரிக்கும்போது, "என் வாழ்நாள்ல சீட்டு கட்டி எந்த டிரைவரும் என்னை இவ்வளவு கேள்வி கேட்டதில்ல" என்றார். ஒரு காலை மடக்கி வைக்க இடம் விட்டு, மயில் கழுத்துக் கலரிலேயே ஒரு துண்டு சேர்த்துத் தைத்தார். மேசை ஓரத்தை நான் இழைத்து உருட்டினேன். இடுப்புக்கு ஒரு திண்டு.

கண்ணாடியைக் கழற்றினேன். கொல்லையில் முகம் மழிக்க வைத்துக்கொண்டேன். முகம் பெரிதாகத் தெரிகிறது.

ஒவ்வொன்று முடிந்ததும் நான் வெளியே போய் நின்றுகொண்டேன். அவள் உட்கார்ந்து பார்த்து, கதவுக்குப் பின்னால் இருந்தே சொன்னாள். இன்னும் கொஞ்சமுங்க. இல்லீங்க, ஜாஸ்தி ஆயிருச்சு. ம், இப்ப சரி.

"ம்" என்கிறாள்! என்னிடம்!

7-3-2025, வெள்ளி

தைல வாசம் இல்லை. ஆத்தாயியிடம் கேட்டேன், பாட்டில் எங்கே என்று. அவள் முழங்காலுக்கு எடுத்துக்கொண்டாளாம்.

10-3-2025, திங்கள்

இன்று மேடம் பார்க்கிற நாள். நான் வீட்டிலேயே இருக்கவில்லை. போனை ஆத்தாயி பிடித்தாள். பாதி நேரம் மேடத்துக்கு விட்டத்தைத்தான் காட்டியிருக்கிறாள். நான் மோட்டார் ரூமில் உட்கார்ந்து வானத்தையும் மரவள்ளியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கலாம் என்று பழைய பேப்பர் ஒன்றை எடுத்தேன். ஒரு வரி கூட மண்டையில் ஏறவில்லை.

போன் வந்தது. "மாமா, ஓகே ஆயிருச்சுங்க."

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. மேடம் கேட்டாராம், முன்னால் அப்படி உட்கார்ந்தவர் இப்போது எப்படி இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று. கால் மடக்குவது தப்பில்லை, ஒரே மாதிரி இருக்காமல் மாற்றி மாற்றி உட்காருங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள் என்று சொன்னாராம். எழுந்து நடக்க வேண்டும் என்றால் இனி மாமனார் வந்தால் எழுந்துகொள்ளலாமே என்று ஆத்தாயி கேலி செய்ததற்கு, "அது நடக்கறதுல சேராதுங்க அத்தை" என்றாளாம்.

தமிழரசு போனில் அழைத்து, மழைக்கு வந்தால் அந்தச் சீட்டில் நானும் உட்காருவேன் என்றான். அது டிரைவர் சீட்டுடா, உனக்குக் கிளீனர் சீட்டுதான் என்று நான் சொன்னேன். பின்னால் தனப்பிரியா சிரித்தது அவனுக்கும் கேட்டிருக்கும்.

21-3-2025, வெள்ளி

வெயிலுக்குக் குடை எடுக்கக் கிழக்கு அறைக்குள் போனேன். மீட்டிங் நடப்பது எனக்குத் தெரியாது. திரையில் நிறைய முகங்கள். தனப்பிரியா நன்றாகச் சாய்ந்து, ஒரு காலை மேலே மடக்கிப் போட்டுக்கொண்டு, யாரிடமோ இங்கிலீஷில் விடாமல் வாதாடிக்கொண்டிருந்தாள். பேச்சு நிற்கவில்லை, திரையிலிருந்து முகம் திரும்பவில்லை. கையை மட்டும் பக்கத்தில் நீட்டி, போங்க போங்க என்று வாசலைக் காட்டி ஆட்டினாள்.

சத்தம் போடாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

உடனே பாய்க்குப் போன் போட்டேன். மருமகள் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள் பாய் என்றேன். என்னவென்று சொன்னாள் என்று கேட்டார். வாயால் சொல்லவில்லை, கையால் என்றேன். கையை எப்படி ஆட்டினாள் என்று கேட்கிறார். போனில் எப்படிக் காட்டுவது? நாளைக்கு நாமக்கல் போய் நேரிலேயே ஆட்டிக் காட்ட வேண்டும்.